இறங்க அனுமதி

அத்தியாயம் ஒன்பது

சதாசிவம் தன்னிடம் மிச்சமிருந்த ஒற்றைக் காலுக்கு விலை சொல்லிவிட்டார்: இரண்டு மகன்கள். ஒரே நேரத்தில், ஒரே கட்டிலின் அருகில்.

"அதுக்குக் கொறஞ்சு ஒரு வெரல்கூடக் கெடயாது," என்றார் டாக்டரிடம். "எழுதிக்கங்க."

டாக்டர் எழுதிக்கொள்ளவில்லை. பெருவிரலில் தொடங்கிய கறுப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது, நாளை காலை எட்டு மணிக்கு அறுவை அறை கிடைத்திருக்கிறது, அதற்குள் சம்மதித்தால் முழங்காலுக்குக் கீழேயே முடித்துவிடலாம், இல்லையென்றால் முழங்காலும் போகும், அதற்கும் காத்திருந்தால் ஆளே போய்விடுவார் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

இந்த வீட்டுக் கதையோடு வாராவாரம் வருகிறவர்களுக்கு முதல் கால் போன கதை தெரியும். இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்குச் சுருக்கமாக: மூன்று வருடங்களுக்கு முன்னால் சர்க்கரை முற்றி, வலது காலில் சீழ் ஏறி, சதாசிவம் நினைவில்லாமல் கிடந்தார். பெரிய மகன் தீபன் அப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். பஸ் ஏறிவிட்டேன், நான் வரும்வரை எவனும் கையெழுத்துப் போடக்கூடாது என்றான். காத்திருக்க முடியாது என்றார்கள் இங்கே, ஈப்போ ஆஸ்பத்திரியில். சின்ன மகன் யுகேந்திரன் போட்டான். தீபனின் பஸ் ஈப்போவுக்கு முன்னால் இருக்கிற தாப்பாவைத் தாண்டும்போது கால் உடம்பை விட்டுப் போயிருந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடந்த சண்டையை மறுபடி எழுதி உங்களைக் கஷ்டப்படுத்தப் போவதில்லை. தீபன் திரும்பிப் போனான். போன் எண்ணை மாற்றினான். சிங்கப்பூரையும் விட்டான். இப்போது எந்த ஊரில் இருக்கிறான், எந்தக் கண்டத்தில் இருக்கிறான் என்பது அவனைப் பெற்றவளுக்கே தெரியாது.

பெற்றவள் பெயர் ராக்காயி. டாக்டர் நகர்ந்ததும், மீன்காரன் முன்னால் உட்காருகிற தோரணையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் நேர்லயே வரணுமா?"

"நேர்ல."

"பெரியவன் இருக்கிற எடமே தெரியாது. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு எப்படி வருவான், பறந்தா?"

"பறக்கத் தெரிஞ்சவன்தானே."

"இது வெளையாட்டு இல்ல."

"ஒங்களுக்கு வெளையாட்டு இல்ல. போன தடவ நான் கண்ணு முழிச்சுப் பாக்குறேன், போர்வைல ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். என் காலு, என்னைய ஒரு ஆளு கேக்கல. இப்பக் கேக்குறாங்க. கேட்டா வெல சொல்லத்தான் செய்வேன்."

சுவரோரம் நின்ற யுகேந்திரன் தரையைப் பார்த்தான். அப்பா அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னால் இன்னும் நன்றாகத் தைக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

ராக்காயி விடவில்லை. "நேர்ல வர முடியாது. போன்ல பேசினா?"

சதாசிவம் யோசித்தார். முப்பது வருடம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி, தோட்டம் விற்றுப்போனபின் ஜெலாப்பாங்கில் இரவுக் காவலுக்கு ஜாகா வேலை பார்த்து, ஒரு நாளும் எதற்கும் பேரம் பேசத் தெரியாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தவர். கடைசியில் கையில் ஒரு சரக்கு இருந்தது. அதைச் சீக்கிரம் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"கொரல் கேக்கணும்," என்றார். "'எடுத்துக்கச் சொல்லுங்கப்பா'ன்னு அவன் வாயால சொல்லணும். சின்னவனும் அதையேதான் சொல்றான்னு அவன் ஒத்துக்கணும். அப்பப் போடுறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இதுக்குக் கீழ எறங்க மாட்டேன், ராக்காயி."

இரண்டு ஆட்களில் தொடங்கிய விலை ஒரு ஆள், ஒரு குரல் என்று இறங்கியிருந்தது. ராக்காயி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். அந்தக் குரல் எங்கே கிடைக்கும் என்று போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுக்குத் தெரியும்.

கடைசிப் பெண் ஷர்மினியைக் காவலுக்கு வைத்துவிட்டு அம்மாவும் மகனும் கிளம்பினார்கள்.

அந்தக் குரல் வானத்திலிருந்து வந்தது. கணினி வானம்தான்.

உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து, திரையில் விமானம் ஓட்டுகிறார்கள். நிஜ விமான நிலையங்களின் வரைபடம், நிஜ விதிகள். மழைகூட நிஜம்: ஈப்போவில் தூறினால் அங்கே திரையிலும் தூறும். அவர்களை மோதிக்கொள்ளாமல் ஏற்றி இறக்குவதற்கென்று இன்னொரு கூட்டம், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பதாகப் பாவித்துக்கொண்டு வானொலியில் பேசுகிறது. அதற்குப் பயிற்சி உண்டு, பரீட்சை உண்டு, தவறு செய்தால் உரிமத்தைப் பறிக்க மேற்பார்வையாளர்கள் உண்டு. சம்பளம் மட்டும் கிடையாது. சம்பளமில்லாத வேலைக்கு இத்தனை கெடுபிடியா என்று ராக்காயி கேட்காத நாள் இல்லை.

யுகேந்திரன் வாரத்தில் ஆறு நாள் ஜெலாப்பாங்கில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறான். ஏழாம் நாள் பிற்பகல் செமோர் வீட்டின் பின்னறையில் ஈப்போ டவராக மாறிவிடுகிறான். இந்தப் பைத்தியத்தை அவனுக்குப் பிடிக்கவைத்ததே தீபன்தான். வீட்டில் ஒரே கணினி இருந்த காலத்தில் அண்ணன் ஓட்டுவான், தம்பி கட்டிலில் உட்கார்ந்து அனுமதி கொடுப்பான். அனுமதி இல்லாமல் அண்ணன் ஒருநாளும் இறங்கியதில்லை.

நான்கு வாரங்களுக்கு முன்னால், பினாங்கிலிருந்து ஈப்போவுக்கு ஒரு சிறிய விமானம் வந்தது. அழைப்புப் பெயர் கிலோ டெல்டா. பேச்செல்லாம் ஆங்கிலத்தில், விதிப்படி, ஒரு சொல் கூடுதலில்லாமல். ஆனால் பொத்தானை அழுத்தியதும் பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் சன்னமாகச் செருமுகிற பழக்கம் உலகத்தில் எத்தனை பேருக்கு இருக்கும்? அதுவும் அந்த மாதிரி?

முதல் வாரம் யுகேந்திரன் விதிப்படி இறக்கி அனுப்பினான். இரண்டாம் வாரம் தனிச் செய்தி எழுதிப் பார்த்தான், பதில் இல்லை. பொறுக்க முடியாமல் வானொலியிலேயே "அண்ணே" என்றுவிட்டான். விமானம் அந்த நொடியே திரையிலிருந்து மறைந்தது. கடையில் விலை கேட்டுக்கொண்டிருப்பவரின் கையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வார்? படியிறங்கிப் போய்விடுவார். மூன்றாம் வாரம், ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பவும் வந்தது. யுகேந்திரன் பாடத்தைக் கற்றுக்கொண்டான். விதி பேசினால் அண்ணன் இருப்பான். உறவு பேசினால் போய்விடுவான்.

அப்படியே மூன்று வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். காற்றின் வேகம், காற்றின் திசை, உயரம், ஓடுபாதை எண். நான்காம் வாரம் கோப்பியோடு அறைக்குள் வந்த ராக்காயி, ஸ்பீக்கரில் அந்தச் செருமலைக் கேட்டுக் கோப்பியைக் கீழே போட்டாள். அங்கேதான் போன அத்தியாயத்தை நிறுத்தியிருந்தேன்.

பழைய மைவி கார் செமோர் சாலையில் ஏறியதும் யுகேந்திரன் பேச்சை எடுத்தான்.

"மா, நீ பக்கத்துல உக்காரலாம். பேசக் கூடாது."

"ஏன்?"

"நான் ஒரு வார்த்த சொன்னதுக்கே ஓடிட்டான். நீ பேசினா அந்தக் கம்ப்யூட்டரையே வித்துருவான்."

"அப்ப எந்த வாயால சொல்லுவ?"

"ரூல்படி. தப்புப் பண்ணின பைலட்டுக்கு, 'ஒரு நம்பர் தாரேன், எழுதிக்க, எறங்கினதும் அந்த நம்பருக்குக் கூப்பிடு'ன்னு கண்ட்ரோலர் சொல்லலாம். அது எங்க பாஷையிலயே இருக்கு. நான் ஷர்மினி நம்பரக் குடுப்பேன். அவ அப்பா காதுல வச்சிருவா."

"அவன் எழுதலன்னா?"

"எழுதுவான். எழுதி, நம்பரத் திருப்பிச் சொல்லணும். நான் சொல்றத அவன் திருப்பிச் சொன்னாத்தான் நான் சொன்னதாவே கணக்கு. அவன்தான் எனக்கு அதச் சொல்லிக் குடுத்தான்."

ஒரு காலத்தில் ரப்பராக இருந்து, பிறகு எண்ணெய்க்கான செம்பனையாகி, இப்போது ஒரே மாதிரி கூரைகளாக நிற்கிற நிலத்தை மழை நனைக்கத் தொடங்கியிருந்தது.

"எப்பச் சொல்லுவ?" என்றாள் ராக்காயி.

"அவன் எறங்கினதும்."

"எறங்கின ஒடனே போயிருறான்னு நீதானே சொன்ன?"

"ஓடுபாதைல ஓடிக்கிட்டு இருக்கப்பவே சொல்லிருவேன். நிக்கிறதுக்கு முந்தி."

"மேல இருக்கப்பவே சொன்னா என்ன? வீட்டுக்குப் போயிட்ட ஆள்கிட்ட எவன் யாவாரம் பேசுவான்? ஆளு மேல இருக்கான். பறந்துக்கிட்டு இருக்கிறவன் பாதியில எப்படி எறங்கிப் போவான்?"

"மா, அது நெசப் பிளேன் இல்ல லா. சுவிட்ச தட்டினா போச்சு."

ராக்காயி பதில் சொல்லவில்லை. பேரத்தில் எதிராளி மௌனமானால் ஒத்துக்கொண்டான் என்று எடுத்துக்கொள்கிறவன் நல்ல வியாபாரி இல்லை. யுகேந்திரன் ஸ்டோர்க்காரன், வியாபாரி இல்லை.

அன்று அந்தக் கூட்டத்தார் ஈப்போவுக்குக் கூட்டமாகப் பறந்து வருகிற ஞாயிறு. சுபாங்கிலிருந்து, மேடானிலிருந்து, கோத்தா பாருவிலிருந்து என்று பதினான்கு விமானங்கள் பதிவு செய்திருந்தன. பதினான்காவது பெயர் கிலோ டெல்டா.

நான்கு மணிக்கு யுகேந்திரன் ஹெட்செட்டை மாட்டினான். அம்மாவுக்காக ஸ்பீக்கரையும் திறந்து வைத்தான். ராக்காயி பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் பச்சைச் சதுரங்கள் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் எறும்பு போல ஊர்ந்தன.

வடக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நைஜல். பாரிட் புந்தாரில் அரிசி ஆலைக் கணக்கன். யுகேந்திரனை நேரில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான், ஆனால் அவன் வீட்டு விஷயம் முழுதும் அறிந்தவன். தூரத்து விமானங்களைக் கொண்டுவந்து யுகேந்திரன் கையில் ஒப்படைப்பது அவன் வேலை.

ஒவ்வொன்றாக வந்தது. ஓடுபாதை ஈரம், காற்று இவ்வளவு, இறங்க அனுமதி. இறங்க அனுமதி என்று அவர்களும் திருப்பிச் சொன்னார்கள். இறங்கினார்கள், ஓரமாகப் போய் நின்றார்கள், மற்றவர்கள் இறங்குவதை வேடிக்கை பார்த்தார்கள்.

ராக்காயி வாயைத் திறக்கவில்லை. ஆனால் கண் மகனின் கையை விட்டு அகலவில்லை. பேசும்போது அவன் விசைப்பலகையில் அந்த நீளமான கட்டையை அழுத்துகிறான், பேசி முடித்ததும் விடுகிறான். எண்ணெய்ச் செக்கா, ராக்கெட்டா, எதுவானாலும் இயக்குகிறவன் கையைப் பார்த்தால் போதும்.

ஒன்பது இறங்கியபோது நைஜலின் எழுத்து திரையின் மூலையில் வந்தது. 'மச்சான், ஒங்க ஆளு வந்துட்டாரு. கடைசில வைக்கிறேன். அவசரப்படாத.'

பதின்மூன்றாவது விமானம் ஓடுபாதையைத் தொட்ட நேரம் ராக்காயியின் போன் அடித்தது. அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"மா," என்றாள் ஷர்மினி. குரல் அமுங்கியிருந்தது. "அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறிருச்சு. பேரு கேட்டா சொல்றாரு, ஒடனே கண்ண மூடிக்கிறாரு. நர்ஸ் மிசி ரெண்டு தடவ வந்து பாத்துட்டாங்க."

"டாக்டரு?"

"இன்னும் மயக்கமானாருன்னா அவரு சொல்றத எடுத்துக்க மாட்டாங்களாம். குடும்பத்துல யாராச்சும் சைன் பண்ணணுமாம். சின்னண்ணன வரச் சொல்லுறாங்க."

மறுபடியும் யுகேந்திரன்தான். மறுபடியும் அப்பா கேட்காத நேரத்தில், அண்ணன் வருவதற்குள். முதல் கையெழுத்துக்கே மூன்று வருடம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறவன்.

அந்த நேரம் ஸ்பீக்கரில் ஒருவன் தொண்டையைச் செருமினான்.

"ஈப்போ டவர், கிலோ டெல்டா. ஆறு மைல் தூரத்தில், ஓடுபாதை பூஜ்யம் நான்குக்கு."

ராக்காயி போனை மடியில் கவிழ்த்தாள்.

"கிலோ டெல்டா, ஈப்போ டவர்." யுகேந்திரன் குரலைத் தட்டையாக வைத்துக்கொண்டான். "மழை பெய்கிறது. ஓடுபாதை ஈரம். காற்று லேசு. இறங்க அனுமதி."

"இறங்க அனுமதி, கிலோ டெல்டா."

வெளியே தகரத்தில் மழை இரைந்தது. எங்கோ, எந்த ஊர் என்று தெரியாத ஒரு அறையில், அதே மழை இன்னொருவன் திரையில் வழிந்துகொண்டிருந்தது. சதுரம் ஐந்து மைலுக்கு வந்தது. நான்கு.

யுகேந்திரன் எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்திருந்தான். சக்கரம் தரையைத் தொடட்டும். தொட்டதும் சொல்லிவிடலாம். அவன் தாளை அருகில் இழுப்பதற்காக வலது கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தான்.

மூன்று மைல்.

ராக்காயி எழுந்தாள். எழுந்த வேகத்தில் மடியிலிருந்த போன் கீழே விழுந்தது. மகன் தலையிலிருந்த ஹெட்செட்டின் ஒலிவாங்கித் தண்டை இரண்டு விரலால் தன் பக்கம் வளைத்தாள். கன்னத்தோடு கன்னம் ஒட்டியது. மறு கையால் நீளக் கட்டையை அழுத்தினாள்.

"தீபா. அம்மாடா. வச்சிராத."

யுகேந்திரனால் நகர முடியவில்லை. அம்மாவின் எலும்பு அவன் தாடையில் குத்திக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கு இன்னொரு காலையும் எடுக்கணும்னு சொல்றாங்க. நீங்க ரெண்டு பேரும் சொன்னாத்தான் சைன் போடுவேன்னு படுத்துக் கெடக்குறாரு. இப்ப நெனவு தப்புது. நீ வர வேணாம். எங்க இருக்கன்னுகூட நான் கேக்கல. ஒரு போன் அடிச்சுப் பேசு, போதும். ஒனக்குக் கோவம்னா எங்க மேல வச்சுக்க. அவரு காலு மேல வைக்காத."

கட்டையை விட்டாள்.

தரையில் நின்ற பதின்மூன்று விமானங்களும் அதைக் கேட்டன. கேட்டவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஒருவரும் பேசவில்லை. மேடானிலிருந்து வந்தவன் அன்று முழுக்க ஏதாவது கேட்டுத் தொணதொணத்துக்கொண்டிருந்தான், அவனும் பேசவில்லை.

சதுரம் அங்கேயே இருந்தது. இறங்கிக்கொண்டிருந்தது. தொள்ளாயிரம் அடி. எழுநூறு.

"பாத்தியா," என்றாள் ராக்காயி, மூச்சு வாங்க. "போகல. மேல இருக்கிறவன் எப்படிப் போவான்?"

ஐந்நூறு. நானூறு.

செருமல் கேட்கவில்லை. நேரடியாகக் குரல் வந்தது, நடுவில் உடைந்து.

"கிலோ டெல்டா. இறங்கவில்லை. மறுபடி ஏறுகிறேன்."

இறங்க முடியாத விமானி, ஓடுபாதைக்கு மேலேயே இயந்திரத்தை முறுக்கி எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வருவான். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை என்று விதிப்புத்தகம் சொல்கிறது. கை நடுங்கினால் ஏறிவிடு என்பான் தீபன், அந்தக் காலத்தில்.

யுகேந்திரன் தண்டைத் தன் பக்கம் திருப்பினான். "கிலோ டெல்டா, தெரிந்தது. இடப்பக்கம் திரும்பி மூவாயிரம் அடிக்கு ஏறவும்."

"இடப்பக்கம். மூவாயிரம். கிலோ டெல்டா."

சதுரம் சுண்ணாம்புக் குன்றுகளை விட்டு விலகி வடமேற்கே திரும்பியது. எண்கள் ஏறின. ஆயிரம். ஆயிரத்து இருநூறு.

இனிமேல் எந்த விதியைக் காப்பாற்றி என்ன? சரக்கு கடைவாசலில் கொட்டிக் கிடக்கிறது. யுகேந்திரன் தாளைப் பார்த்தான்.

"கிலோ டெல்டா, ஒரு தொலைபேசி எண் தருகிறேன். குறித்துக்கொள்ளத் தயாரானதும் சொல்லவும்."

மழை. மழை. ராக்காயி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தயார்," என்றது குரல்.

அவன் பத்து எண்களையும் மெதுவாகச் சொன்னான். மூன்று, பிறகு நான்கு, பிறகு மூன்று. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி இடைவெளி விட்டுச் சொன்னான். சொல்லி முடித்ததும் விதி தானாகவே அவன் வாயில் வந்தது.

"திருப்பிச் சொல்லவும்."

செருமல்.

"பூஜ்யம், ஒன்று, ஆறு," என்றான் தீபன். நிறுத்தினான். பின்னால் ஏதோ கதவு திறக்கிற சத்தம், யாரோ தூரத்தில் எதையோ கேட்கிற சத்தம். "ஐந்து, ஐந்து, இரண்டு, நான்கு."

யுகேந்திரன் காத்திருந்தான்.

ராக்காயி காத்திருந்தாள்.

பச்சைச் சதுரம் இருந்த இடத்தில் சதுரம் இல்லை. ஈப்போவுக்கு வடமேற்கே இரண்டாயிரத்து நூறு அடி உயரத்தில் வெறும் கறுப்பு இருந்தது.

"எங்கடா?" என்றாள்.

யுகேந்திரன் அழைப்புப் பெயரைச் சொல்லி அழைத்தான். கிலோ டெல்டா, ஈப்போ டவர். மறுபடியும் அழைத்தான். தகரத்தில் மழைச் சத்தம்தான் பதில்.

"அவனா போனானா, கரண்டு போச்சா?"

"தெரியல, மா."

"மேல இருந்தானே. மேலதானே இருந்தான்."

அவள் கணக்கு எங்கே தவறியது என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் அறிந்த உலகத்தில், பாதி வழியில் பஸ்ஸை விட்டுக் குதிக்கிறவன் உண்டு, லாரியை விட்டு இறங்கி ஓடுகிறவன் உண்டு. மூவாயிரம் அடிக்கு ஏறிக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போகிறவன் கிடையாது.

மூலையில் எழுத்து வந்தது. நைஜல்: 'மச்சான், என் பக்கமும் மறைஞ்சுருச்சு. லைன் போயிருக்கலாம். இருக்கட்டும் லா, திரும்பி வருவாரு.' அதற்குக் கீழே மேற்பார்வையாளரிடமிருந்து இன்னொன்று, ஆங்கிலத்தில், மரியாதையாக: சற்று முன் உங்கள் அலைவரிசையில் வந்த சம்பந்தமில்லாத பேச்சுக்கு விளக்கம் தரவும்.

எதற்கு எது சம்பந்தமில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? யுகேந்திரன் அந்தச் செய்தியை மூடினான்.

தரையில் விழுந்த போன் இன்னும் துண்டிக்கப்படாமல் கிடந்தது. "மா? மா, இருக்கியா?" என்று சன்னமாகக் கேட்டது ஷர்மினியின் குரல். ராக்காயி குனிந்து எடுத்தாள்.

"ஒனக்கு ஏதாச்சும் கால் வந்துச்சா?"

"எங்க வரும்? ஒன் போன் கால் இன்னும் கட்டாவலயே. நான் பிடிச்சுக்கிட்டே இருக்கேன்."

அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராக்காயி போனில் சிவப்புப் பொத்தானைத் தொட்டாள். எத்தனை நிமிடம் அந்த எண் அடைபட்டுக் கிடந்தது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"சாவியைக் குடு," என்றாள் கடைசியில். "இல்ல, எனக்கு எங்க ஓட்டத் தெரியும். பக்கத்து வீட்டு பத்துமலையக் கூப்பிட்டுக்கிறேன். அவன் கொண்டுபோய் விடட்டும்."

"நானும் வாரேன். என்னையத்தான் வரச் சொல்றாங்க."

"நீ வந்தா ஒன் கையில பேனாவக் குடுத்துருவாங்க." அவள் குரலில் கடுமை இல்லை. "அப்பா முழிச்சிருக்கிற வரைக்கும் நீ போடக் கூடாது. முழிக்காம போனா கூப்பிடுறேன். அதுவரைக்கும் கடைய மூடாத. திரும்பி வந்து பாக்குறவன் கதவு சாத்தியிருக்குன்னு போயிறக் கூடாது."

"அப்பாகிட்ட என்ன சொல்லுவ?"

ராக்காயி குடையைத் தேடி எடுத்தாள். வாசல் வரை போய் நின்றாள்.

"சுத்திக்கிட்டு இருக்கான்னு சொல்லுவேன்," என்றாள்.

பத்துமலையின் கார் போகிற சத்தம் மழையில் கரைந்தது.

பதின்மூன்று விமானிகளும் ஒருவர் பின் ஒருவராக விடைபெற்றார்கள். வழக்கமாக நன்றி சொல்வார்கள், கிண்டல் செய்வார்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள். இன்று பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். மேடான்காரன் மட்டும் பேசாமல் பொத்தானை இரண்டு முறை அழுத்தி விட்டான். ஸ்பீக்கரில் இரண்டு தட்டல் கேட்டது, 'கேட்டுக்கொண்டேன்' என்று விமானிகள் பேசாமல் சொல்கிற விதம்.

திரை காலியானது. யுகேந்திரன் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. போனை ஒரு பக்கமும், எண் எழுதிய தாளை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, ஆளில்லாத வானத்துக்குக் காற்றின் வேகத்தையும் மழையையும் ஒருமுறை வாசித்துச் சொன்னான். ஓடுபாதை திறந்திருக்கிறது என்றான்.

பிறகு, டவரில் உட்காருகிறவன் நாள் முடிவில் செய்கிறபடி, கணக்கைப் பார்த்தான்.

வந்தவை பதினான்கு. இறங்கியவை பதின்மூன்று.

சொன்ன எண்கள் பத்து. திரும்பி வந்தவை ஏழு.

பாக்கி: ஒரு விமானம், மூன்று எண்கள், ஒரு கால்.